இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் படம்

தம்பி, அந்தப் பையில இருக்கிறது கேமராதானே? வாரைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். மடியிலயே வச்சுக்கங்க, மேல ஏத்திராதீங்க. இந்த பஸ்ஸு குதிக்கிற குதியில லென்சு ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம் போயிரும். நமக்கும் அதே தொழில்தான். சின்னமனூர்ல தெய்வா ஸ்டூடியோன்னு கேட்டா சொல்லுவாங்க. என் பேரு தெய்வேந்திரன். முப்பது வருசமா இதே பொழப்பு.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு. அரக்குக் கலர் சேலை, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருக்குல்ல? என் சம்சாரம். பவளக்கொடி. நீங்க ஏறுறதுக்கு முன்னாடி இந்த சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. உக்காருன்னேன். காதுல விழாத மாதிரி முன்னாடி போயிட்டா. என்கூடப் பேசி இன்னையோட ஒன்பது நாளாச்சு தம்பி, ஒன்பது நாளு! சோறு வைக்கிறா, குழம்பு ஊத்துறா, வாயத் தொறக்க மாட்டேங்குறா.

பன்னெண்டு மணிக்கு மதுரையில ஒரு தையல் பயிற்சி நிலையத்துல அவளை வரச் சொல்லியிருக்காங்க. ஆரி வேலை சொல்லிக் குடுக்குற டீச்சர் வேலை. ஆரின்னா ஜாக்கெட்டுல ஊசிய விட்டு மணி, ஜரிகை எல்லாம் கோக்குறாங்கல்ல, அது. பத்து வருசமா அந்த வேலைக்கு ஆசப்பட்டுக்கிட்டிருந்தாளாம். எனக்கே இப்பத்தான் தெரியும். கிடைச்சா சரி. கிடைக்காட்டி மொத்தப் பழியும் என் தலையில. நான் என்ன தப்புப் பண்ணேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு வெப்சைட் போட்டேன். பிரான்சிஸ்னு தேனியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கான், அவன்தான் போட்டுக் குடுத்தான். கல்யாணப் படம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் சொந்தப் படத்தை ஊரு ஒலகம் பாக்கணும்னுதான் போட்டேன். வைகை அணையில விடியற நேரம். பதினோரு நாளு தம்பி, பதினோரு நாளு குளிர்ல போய் உக்காந்து, பன்னெண்டாவது நாளுதான் நான் நெனச்ச மாதிரி பனிமூட்டம் எறங்குச்சு. அந்த ஒரு படத்துக்கு என்ன மரியாதை தெரியுமா? ஒரு நாளைக்கு ரெண்டு பேரு பாக்குறாய்ங்க. அதுல ஒருத்தன் நானு.

போன ஆடி முடியிறப்ப, பிரான்சிஸு போன் பண்ணான். "அண்ணே, உங்க சைட்டுல ஒரு பக்கத்துக்கு மட்டும் கூட்டம் பிச்சிக்கிட்டுப் போகுது"ன்னான். "அணைப் படந்தானேடா?"ன்னேன். "இல்லண்ணே, ஏதோ கல்யாணத்துல எடுத்தது. இருநூத்திப் பன்னெண்டு. தெனமும் ஆயிரம் பேரு"ன்னான்.

போய்ப் பாக்குறேன். அட கொடுமையே! எந்தப் படம்ங்கிறீங்க?

ஆறு வருசத்துக்கு முன்னாடி உத்தமபாளையத்துல மொக்கைச்சாமின்னு ஒரு பெரிய மனுசன் வீட்டுக் கல்யாணம். அவரு மக சுகன்யாவுக்கு. கெட்டிமேளம் கொட்டுது, மாப்பிள்ளை தாலியத் தூக்கிட்டான், நான் ஃபோகஸ் வச்சு அமுக்கப் போறேன், எங்கிருந்தோ ஒரு பொம்பளை பாய்ஞ்சு வந்து எனக்கும் பொண்ணுக்கும் நடுவுல நின்னுட்டா. படம் பூரா முதுகு. தாலியக் காணோம், பொண்ணக் காணோம், மாப்பிள்ளையோட தலப்பா நுனி மட்டும் ஒரு ஓரத்துல. "ஏம்மா, அறிவிருக்கா? குறுக்க நிக்காத, நகரு!"ன்னு கத்துனேன். மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பொம்பளை அசையல. தாலி கட்டி முடிஞ்சதும் கூட்டத்துக்குள்ள போய் மறஞ்சுட்டா. மொகத்தக் கூடப் பாக்கல.

தாலி கட்டுற படம் இல்லாத கல்யாண ஆல்பம் எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நான் குடுத்திருக்கேன். மொக்கைச்சாமி அண்ணன் பேசுன பேச்சு இன்னும் காதுல நிக்குது. அந்தக் கழிச்சுப் போட்ட படத்தத்தான், இந்தப் பிரான்சிஸு ஃபோல்டரோட அப்படியே ஏத்தி வச்சிருக்கான். நல்லதை மட்டும் போடுடான்னு சொன்னதுக்கு, முன்னூத்திச் சொச்சம் படத்தையும் படத்துக்கொரு பக்கமாப் போட்டு வச்சிருக்கான் மகராசன். நானும் அணைப் படத்தத் தாண்டி எதையும் தொறந்து பாத்ததில்ல.

"ரோபோ ஏதும் வருதாடா, எவனாச்சும் ஹேக் பண்றானா?"ன்னு கேட்டேன். பிரான்சிஸு உக்காந்து அலசுனான். "ரோபோ இல்லண்ணே, எல்லாம் மனுசங்கதான். போன்ல வர்றாங்க. முக்காவாசி வாட்ஸாப்புல லிங்க் அனுப்பி அது மூலமா வர்றாங்க. காலைல பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும், அப்புறம் சாயங்காலம் மூணு மணிக்கு மேல. தேனி, திண்டுக்கல், மதுரை, திருப்பூரு, மலேசியாவுல இருந்து கூட வருது"ன்னான். அதுக்கு மேல ஒண்ணு சொன்னான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. "ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிசம் பாக்குறாங்கண்ணே. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்குறாங்க"ன்னான். "என் அணைப் படத்த?"ன்னேன். "ஆறு செகண்டு"ன்னான்.

அந்த முதுகுல அப்படி என்ன எழவு இருக்குன்னு நானும் பெருசு பண்ணிப் பாத்தேன். வெளிச்சம் கூடிப் போயிருந்துச்சு. பேக்ரவுண்டு வெட்டுப்பட்டிருந்துச்சு. ஜாக்கெட்டுல ஏதோ திராட்சக் கொத்து மாதிரி பச்சையும் ஊதாவுமா மணி தெச்சிருந்துச்சு, அவ்வளவுதான். மொகம் தெரிஞ்சாலாவது யாருன்னு பிடிச்சிரலாம். முதுக வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க?

என்ன சிரிக்கிறீங்க? கேளுங்க முழுசா.

மாசா மாசம் கணக்குப் பாத்தேன். ஆடி ஆரம்பத்துல கம்மி. ஆவணி நெருங்கவும் எகிறுது. புரட்டாசியில படுத்துருது. ஐப்பசி நெருங்கவும் திருப்பி எகிறுது. எனக்குப் புரிஞ்சு போச்சு. முகூர்த்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு! கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுக்காரங்கதான் பாக்குறாங்க. எதுக்குப் பாக்குறாங்க? போட்டோக்காரன் தேடுறாங்க. அவங்க கையில எவனோ இந்தப் படத்தக் குடுத்து, "பாருங்க, தாலி கட்டுறப்ப முதுக எடுத்த ஆளு இவருதான்"னு என் பேரக் கெடுக்குறான். யாரு? வேற யாரு, கம்பம் ரோட்டுல போட்டோக் கடை வச்சிருக்கிற நாகராசுதான். எனக்குக் கல்யாண ஆர்டர் கொறஞ்சதும் இதே சமயந்தான். ரெண்டும் ரெண்டும் நாலு.

நேராப் போயிட்டேன் கடைக்கு. ஆளு நெறையா இருந்தாங்க. "முதுகுல குத்துறதுன்னா இதுதான்டா"ன்னு ஆரம்பிச்சு ஒரு புடி புடிச்சேன். நாகராசு முழிக்கிறான். படத்தக் காட்டுனேன். வாங்கிப் பாத்துட்டு, "இந்தத் திராட்ச ஜாக்கெட்டா? என் மச்சினிச்சி கூட இத டைலர்கிட்டக் காட்டிக்கிட்டிருந்தாளே. நீ எடுத்ததா இது?"ங்குறான். பேச்ச மாத்துறான் பாருங்க! நான் விடுவேனா? சட்டையப் பிடிச்சுட்டேன். நாலு பேரு வந்து வெலக்கி விட்டாங்க.

அப்புறம் அந்தப் பொம்பளை யாருன்னாவது தெரியட்டும்னு உத்தமபாளையம் போனேன். மொக்கைச்சாமி அண்ணன் என்னைக் கண்டதுமே உள்ள போயிட்டாரு. ஆறு வருசமாச்சு, கோவம் போகல. அந்தப் புள்ள சுகன்யா ரெண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்துச்சு. படத்தக் காட்டுனேன். பாத்ததும் அதுக்கு மொகம் செவந்து போச்சு. பெறகு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு. "அண்ணே, இத உங்க வீட்ல போய்க் கேளுங்க"ன்னுச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? வீட்ல போய்க் கேளுன்னா என்ன அர்த்தம், கெளம்புன்னுதானே அர்த்தம்? அவமானமாப் போச்சு. வீட்ல கேக்குறதுக்கு என்ன இருக்கு? எங்க வீட்ல பொழுதன்னைக்கும் தையல் மெஷின் சத்தமும் போனுந்தான். வர்றவங்க போறவங்க, "அக்கா அந்த டிசைனு, அக்கா இந்த டிசைனு." இவகிட்டப் போய் வெப்சைட்டு, டிராஃபிக்குன்னு பேசுனா வெளங்குமா? நான் கேக்கல.

தையும் பொறந்துச்சு. பிரான்சிஸு போன் பண்றான், "அண்ணே, ரெண்டாயிரத்தத் தொட்டுருச்சு!"ன்னு. பட்டாசு வெடிக்காத கொறதான் அவனுக்கு. எனக்கு வயிறு எரியுது. அணைப் படம் அன்னைக்கு ஒருத்தர். நான் கூடப் பாக்கல. "அந்தப் பக்கத்தத் தூக்குடா"ன்னேன். "அண்ணே, ஊரே வந்து பாக்குற பக்கத்த யாராச்சும் தூக்குவாங்களா? ஒரு நாளு பொறுங்க"ன்னான். "தூக்குடான்னா தூக்கு!"ன்னு கத்துனேன். தூக்கிட்டான். அடியோட.

அன்னைக்கு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு தம்பி. அஞ்சு மாசத்துக்கு அப்புறம் நிம்மதியா உக்காந்து காப்பி குடிச்சேன். குடிச்சுக்கிட்டே இவகிட்டச் சொன்னேன், "ஒரு பீடை ஒழிஞ்சுச்சு. எவளோ ஒருத்தி முதுகக் காட்டிக்கிட்டு நின்ன படம், அத எடுத்து வீசிட்டேன்"னு. மெஷின் சத்தம் நின்னுச்சு. அதுவும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரத்துல அவ போனு அடிக்க ஆரம்பிச்சுது. ஒண்ணு மாத்தி ஒண்ணு. "அக்கா, படம் வரலையே." "பவளம், லிங்க் என்னாச்சு?" அன்னைக்கு மத்தியானம் மதுரையில இருந்து வந்துச்சு. அந்தப் பயிற்சி நிலையத்து மேடம். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனா. "உங்க வேலைய எங்க கமிட்டியில காட்டணும்னு லிங்க்கத் தொறந்தோம், ஒண்ணுமே வரலையேம்மா. வேற நல்ல படம் இருந்தா அனுப்புங்க"ன்னாங்க. இவ, "தேடிப் பாத்து அனுப்புறேன் மேடம்"னு சொல்லிட்டு வச்சா. வச்சுட்டு என்னைப் பாத்தா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல.

"அது நான்தான்"னா.

எனக்கு மொதல்ல புரியவே இல்ல. அப்புறம் சொல்றா. அந்தக் கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டும் இவ தெச்சதாம். அளவெடுத்த பெறகு ஒரு மாசம் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டு அந்தப் புள்ள சதை போட்டிருச்சு. பின்னாடி டிசைன் போட்ட ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்னாடிதானே? தாலி கட்டக் குனியுறப்ப ரெண்டு கொக்கி தெறிச்சுப் போச்சாம். மாலையும் ஒரு பக்கமா ஒதுங்கிப் போச்சு. எதிர்ல முழு மண்டபம், நானு, வீடியோக்காரன். அந்தப் புள்ள கண்ணுல தண்ணி முட்டிருச்சு. இவ முன்வரிசையில இருந்து பாத்துட்டா. ஓடி வந்து மறச்சு நின்னு, வளையல்ல மாட்டியிருந்த ஊக்க எடுத்துக் குத்தி விட்டுருக்கா. கெட்டிமேளம் முடியிறதுக்குள்ள. ஆம்பளைங்க காதுக்கு இது போகக் கூடாதுன்னு அந்தப் புள்ள கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சாம். ஆறு வருசம் மூச்சு விடல இவ. நீங்களும் யார்ட்டயும் சொல்லீராதீங்க தம்பி.

"கல்யாணத்துக்கு வர்றேன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல?"ன்னேன். "மூணு தடவ சொன்னேன். நீங்க லென்சு தொடச்சுக்கிட்டிருந்தீங்க"ங்குறா. கட்டியிருந்தது அவ தங்கச்சி சேலையாம். அப்ப எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க, மொகமா தெரிஞ்சுச்சு?

அந்தத் திராட்ச ஜாக்கெட்டு இவ சொந்தமா யோசிச்சுப் போட்டது. நம்ம பக்கத்துத் தோட்டத்தப் பாத்து. அன்னைக்கு மண்டபத்துலயே பொம்பளைங்க கேட்டிருக்காங்க. வெப்சைட்டுல நான் போட்ட கல்யாணப் படத்த எல்லாம் இவ ஒண்ணு விடாமப் பாப்பாளாம், நான்தான் பாக்குறதில்ல. அதுல இந்தப் படம் கண்ணுல பட்டிருக்கு. லிங்க்க எடுத்து, கேட்டவங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கா. அவங்க டைலருக்கு அனுப்ப, டைலர் அடுத்தவங்களுக்கு அனுப்ப, அப்படியே மலேசியா வரைக்கும் போயிருச்சு. ரெண்டு நிமிசம் எதுக்குப் பாத்தாய்ங்கன்னு இப்பத் தெரியுதா? மணிய எண்ணியிருக்காய்ங்க.

சரி, தப்பு நடந்துருச்சு, திருப்பிப் போட்டுரலாம்னு பிரான்சிஸுகிட்ட ஓடுனேன். "அடியோட தூக்கச் சொன்னீங்களேண்ணே"ங்குறான். ஸ்டூடியோவுல தேடுனேன். கல்யாண ஃபைல நாம அஞ்சு வருசத்துக்கு மேல எங்க வச்சிருக்கோம்? ஹார்டு டிஸ்க்கத் தொடச்சுட்டு அடுத்த கல்யாணத்த ஏத்திருவோம். உங்களுக்குத் தெரியாததா? ஆல்பத்துல அந்தப் படம் கெடையவே கெடையாது. ஒண்ணு ரெண்டு பேரு போன்ல படம் பிடிச்சு வச்சிருந்தாங்க. பெருசு பண்ணா எல்லாம் புள்ளி புள்ளியாப் போகுது, மணியும் தெரியல, ஒண்ணும் தெரியல.

எனக்கும் கோவம் வந்துருச்சு. "ஏன்டி, பத்து வருசமாத் தெக்கிற, ஒரே ஒரு படந்தானா இருக்கு? வேற படமே இல்லையா?"ன்னு கேட்டேன்.

"நீங்க எடுத்திருந்தா இருந்திருக்கும்"னா.

முப்பது வருசத்துல லட்சம் படம் எடுத்திருப்பேன் தம்பி. கொக்கு, நாரை, அணை, அடுத்தவன் வீட்டுக் கல்யாணம். இவ வேலைய ஒண்ணு கூட எடுக்கல. ஒண்ணு கூட. கேக்கலையே அவ! கேட்டிருந்தா எடுத்திருக்க மாட்டேனா? சரி, இப்ப எடுத்துத் தர்றேன், அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வா, லைட்டு எல்லாம் வச்சு ஜம்முன்னு எடுத்துத் தர்றேன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "வேணாம். உங்க கேமராவுக்குக் குறுக்க நிக்கிறவதானே நானு"ன்னா. அதுதான் கடைசியாப் பேசுனது. ஒன்பது நாளாச்சு.

அன்னைக்கு மண்டபத்துல நான் கத்துனத மனசுல வச்சிருக்கா. ஆறு வருசமா வச்சிருக்கா தம்பி. எனக்கு அவ மொகம் தெரியல, அவளுக்கு என் குரல் தெரிஞ்சிருக்கு.

மதுரை மேடத்துக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிட்டா. "படம் இல்ல மேடம், ஜாக்கெட்டையே போட்டுக்கிட்டு நேர்ல வர்றேன்"னு. இப்ப போட்டிருக்கிறது அதுதான். ஆறு வருசத்துப் பழசு, கையப் பிடிக்குது. நேத்துப் பூராத் தையலப் பிரிச்சு விட்டுக்கிட்டிருந்தா. கூட வர வேணாம்னு அவ சொல்லல, வான்னும் சொல்லல. நானா ஏறி வந்துட்டேன். கேமராவும் கொண்டாந்திருக்கேன். தேனியில இருந்து பாக்குறேன், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியாச்சு, அந்த முந்தானைய எடுக்கவே மாட்டேங்குறா. அந்தக் கமிட்டியில பத்துப் பேரு இருப்பாய்ங்களாம். அத்தன பேரு முன்னாடியும் இவ முதுகத் திருப்பிக்கிட்டு நிக்கணுமா? நல்லதா ஒரு படம் இருந்தா மேசையில வச்சுட்டு நிமுந்து உக்காரலாம். அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா வருது.

இந்தா, உசிலம்பட்டி வந்துருச்சு. ஏறுற கூட்டத்தப் பாருங்க. அந்தச் சாக்குப் பைக்கார அம்மா இவளுக்குப் பின் சீட்டுல உக்காருது. ஏதோ கேக்குது பாருங்க. ஜாக்கெட்டுக் கையில இருக்கிற மணியத் தொட்டுத் தொட்டுக் கேக்குது. இவ சிரிக்கிறா! என்கிட்ட ஒன்பது நாளா இல்லாத சிரிப்பு, ஏறி ஒரு நிமிசம் ஆகாத அம்மாகிட்ட.

ஆத்தாடி. முந்தானைய எடுத்துட்டா. தம்பி, எடுத்துட்டா! திரும்பி உக்காந்து காட்டுறா. ஜன்னல் பக்கம் இருந்து வெளிச்சம் சரியா விழுது. இருங்க, இந்தப் பையப் பாத்துக்கங்க. ரெண்டே நிமிசம். வழி விடுங்கப்பா, வழி விடுங்க.

வந்துட்டேன்.

இல்ல தம்பி, எடுக்கல.

பக்கத்துல போய் நின்னேன். நேர்ல பாத்தேன் அந்தக் கொத்த. பழம் பழமா, பச்சையில இருந்து ஊதாவுக்குக் கொஞ்சங் கொஞ்சமா மாறி வருது. அதுல ஒரு பழம் மட்டும் லேசாச் சுருங்குன மாதிரி வச்சிருக்கா. கொத்துல எப்பவும் ஒண்ணு அப்படி இருக்கும்ல? அதக் கூட விடல அவ. பெருசு பண்ணிப் பாத்தப்ப இது என் கண்ணுல படவே இல்லையே.

கேமராவ எடுத்து மூடியத் தொறந்தேன். அந்தம்மா அதுக்குள்ள போனத் தூக்கிப் பிடிச்சிருச்சு. என்னைத் திரும்பிப் பாத்து, "அண்ணே, குறுக்க நிக்காதீங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க, கொஞ்சம் நகருங்க"ன்னுச்சு.

பவளம் திரும்பல. தோளு மட்டும் குலுங்குச்சு. சிரிச்சாளா, அழுதாளான்னு தெரியல. முதுக வச்சு நான் என்னத்தக் கண்டுபிடிக்க?

நகந்து நின்னுக்கிட்டேன் தம்பி. படம் நல்லா வந்திருக்காம். மதுரை மேடத்துக்கு அந்தம்மா போன்ல இருந்தே அனுப்பிட்டாங்க.